கார்பன் நானோ குழாய்களின் ஒட்டுதலும் அதன் அளவீடும்

கார்பன் நானோ குழாய் ஒன்று கண்ணாடி, மைக்கா, கிராஃபைட், பாலிமர் போன்ற ஏதேனும் ஒரு பரப்பின் மேல் படுத்துவிட்டால் எளிதில் எழாது. பசை தடவவில்லை, வேதிப் பிணைப்பும் உருவாகவில்லை. ஆனாலும் அதைக் கிளப்ப ஆற்றல் செலவிட்டாக வேண்டும். அந்த ஆற்றலைச் சோதனைகள் வழியே கண்டறியும் முறைகள் 1990-களின் பிற்பகுதியில் தொடங்கி இன்றுவரை வளர்ந்து வருகின்றன. விடை இரண்டு வடிவங்களில் தரப்படும். குழாயின் ஒரு மீட்டர் நீளத்தைப் பரப்பிலிருந்து பிரிக்க எத்தனை ஜூல் வேண்டும் என்பது ஒன்று. ஒரு சதுர மீட்டர் தொடுபரப்பைப் பிரிக்க எத்தனை ஜூல் என்பது மற்றொன்று. முதலாவதில் ஒரு வசதி இருக்கிறது: மீட்டருக்கு ஒரு ஜூல் என்பதும் ஒரு நியூட்டன் என்பதும் ஒரே பரிமாணம், ஆகவே அதை அப்படியே விசையாகப் படித்துக்கொள்ளலாம். இரண்டாவதைச் சொல்ல, குழாய் தரையைத் தொடும் பட்டையின் அகலம் தெரிந்திருக்க வேண்டும். அந்த அகலம் சில நானோமீட்டர்தான். அதுவும் குழாய்க்கு அடியில் மறைந்திருக்கிறது. எனவே சதுர மீட்டர் கணக்கில் வெளியாகும் எண்களில் அளவீட்டோடு ஓர் ஊகமும் கலந்திருக்கும். அவற்றைப் படிப்பவர் இதை நினைவில் வைப்பது நல்லது.

கார்பன் அணுக்கள் அறுகோண வலையாகப் பின்னிய ஒரு தாளைச் சுருட்டினால் கிடைப்பதே இந்தக் குழாய். ஒற்றைச்சுவர்க் குழாயின் விட்டம் ஏறத்தாழ 1 நானோமீட்டர். ஒன்றுக்குள் ஒன்றாகப் பல சுவர்கள் அமைந்த பன்சுவர்க் குழாய்கள் பத்து, இருபது நானோமீட்டர் தடிமனும் அதற்கு மேலும் போகும். 1952-லேயே சோவியத் ஆய்வாளர்கள் ராதுஷ்கேவிச்சும் லுக்யானோவிச்சும் இத்தகைய இழைகளின் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களை வெளியிட்டிருந்தார்கள். உலகம் திரும்பிப் பார்த்தது 1991-ல், ஜப்பானின் என்இசி ஆய்வகத்தில் சுமியோ இஜிமா பன்சுவர்க் குழாய்களை விவரித்த பிறகுதான். இன்னதென்று அறியாமலே இவற்றை மனிதர்கள் செய்திருக்கிறார்கள் என்பதற்குக் கீழடி ஒரு சான்று. அங்கே கிடைத்த, கி.மு. 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பானை ஓடுகளின் உட்புறக் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோ குழாய்கள் இருப்பதை வேலூர் விஐடி ஆய்வாளர்களின் குழு 2020-ல் வெளியிட்டது. ஓட்டோடு ஒட்டிய அந்தப் பூச்சு இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் உதிராமல் நின்றிருக்கிறது. ஆனால் சுட்ட மண்ணில் புதைந்த குழாய் வேறு, வழுவழுப்பான தளத்தில் தனியாகப் படுத்த குழாய் வேறு. இங்கே பேசப்படுவது பின்னது.

ஏன் ஒட்டுகிறது

பள்ளிப் பாடநூல் வேறினக் கவர்ச்சி என்று சொல்லும் விசையின் அடியில் இருப்பது, நானோ குழாயைப் பொறுத்தவரை, வான் டெர் வால்ஸ் விசைதான். மின்னூட்டம் இல்லாத அணுவிலும் எலக்ட்ரான்கள் ஓயாமல் அசைகின்றன. கண நேர இருமுனைகள் தோன்றி மறைகின்றன. அவை பக்கத்து அணுவிலும் அதற்கு இசைவான இருமுனையைத் தூண்டுகின்றன. ஃபிரிட்ஸ் லண்டன் 1930-ல் இதற்குக் குவாண்டம் விளக்கம் கொடுத்தார். ஹமாக்கர் 1937-ல் இரு பொருள்களின் அணுக்களை இணை இணையாகக் கூட்டி, உருண்டைக்கும் தளத்துக்கும் இடையே எவ்வளவு ஈர்ப்பு இருக்கும் என்று கணக்கிடும் வழியைக் காட்டினார். 1950-களில் லிஃப்ஷிட்ஸ், அணுக்களை விட்டுவிட்டுப் பொருளின் ஒளியியல் பண்புகளிலிருந்தே அதே ஈர்ப்பைப் பெறும் கோட்பாட்டை எழுதினார்.

ஓர் அணுவுக்கும் இன்னோர் அணுவுக்கும் இடையே இந்த ஈர்ப்பு அற்பமானது. தொலைவு கூடினால் வெகு வேகமாகத் தேய்ந்தும் போகும். குழாய்க்கு இது வலிமையாவது எண்ணிக்கையால். உருண்டை தளத்தை ஒரு புள்ளியில் தொடும். குழாய் தன் முழு நீளத்துக்கும் ஒரு கோடாகத் தொடும். கிராஃபைட்டின் அடுக்குகளுக்கு இடையிலுள்ள 0.335 நானோமீட்டரை ஒட்டிய இடைவெளியில் ஆயிரக்கணக்கான அணுக்கள் வரிசையாகத் தரையைப் பார்த்தபடி நிற்கின்றன. ஹமாக்கர் வழியில் கணக்கிட்டால், வளையாத உருளைக்கும் தளத்துக்கும் இடையே ஓரலகு நீளத்துக்கான ஆற்றல் ஆரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து மாறும். அதாவது ஆரம் நான்கு மடங்கானால் ஒட்டுதல் இரண்டு மடங்காகும். உண்மைக் குழாய் இந்தக் கணக்குக்கு முழுதாக அடங்குவதில்லை. சுவர் மெல்லியதாகவும் விட்டம் பெரியதாகவும் இருந்தால் அது தன் ஈர்ப்பாலேயே அடியில் சப்பையாகிறது. சப்பையானதும் தொடுபட்டை அகலமாகி இன்னும் கூடுதலாக ஒட்டுகிறது. இரண்டு குழாய்கள் அருகருகே கிடக்கும்போது தொடும் பக்கம் தட்டையாவதை ரூஃப், டெர்சாஃப் முதலியோர் 1993-ல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துப் பதிவு செய்தார்கள்.

வளைவைப் படித்த அளவீடு

முதல் நம்பகமான எண் எதையும் இழுக்காமலே கிடைத்தது. நியூயார்க் மாநிலத்து ஐபிஎம் வாட்சன் ஆய்வகத்தில் டோபியாஸ் ஹெர்டல், ராபர்ட் வாக்கப், ஃபேடோன் அவூரிஸ் ஆகியோர் 1998-ல் வெளியிட்ட வேலை அது. ஹைட்ரஜனால் மூடிய சிலிக்கான் தளத்தில் குழாய்களைத் தூவினால் சில இடங்களில் ஒன்றின் மேல் ஒன்று குறுக்காக விழும். மேலே விழுந்த குழாய் அடியிலுள்ளதன் மீது ஏறி இறங்க வேண்டும். விறைப்பான கம்பியாக மட்டும் இருந்தால் அது இருபுறமும் நெடுந்தூரம் அந்தரத்தில் நிற்கும். தரை அதை இழுப்பதால் சற்றுத் தொலைவிலேயே கீழே படிந்துவிடுகிறது. எவ்வளவு சீக்கிரம் படிகிறதோ அவ்வளவு வலுவான ஒட்டுதல். வளைப்பதற்கான மீள் ஆற்றலும் ஒட்டுவதால் கிடைக்கும் ஆற்றலும் சமமாகும் இடத்தில் குழாய் நிற்கும். அணுவிசை நுண்ணோக்கியில் தெரிந்த வளைவிலிருந்து அவர்கள் எடுத்த மதிப்பு: ஏறத்தாழ 10 நானோமீட்டர் விட்டமுள்ள பன்சுவர்க் குழாய்க்கு ஓர் ஆங்ஸ்ட்ராம் நீளத்துக்கு 0.8 எலக்ட்ரான் வோல்ட்; பிழை வரம்பு கூடவோ குறையவோ 0.3.

இதை நம் அலகுக்கு மாற்றினால் மீட்டருக்கு ஏறக்குறைய 1.3 நானோஜூல் வரும். விசையாகச் சொன்னால் 1.3 நானோ நியூட்டன். பார்க்கச் சிறிய எண்தான். ஆனால் ஒரு மைக்ரோமீட்டர் நீளக் குழாய்க்குக் கூட்டிப் பார்த்தால் 8,000 எலக்ட்ரான் வோல்ட் ஆகிறது. அறை வெப்பநிலையின் அதிர்வு ஆற்றல் 0.025 எலக்ட்ரான் வோல்ட். அதைப்போல மூன்று லட்சம் மடங்கு. அறை வெப்பத்தில் அப்படிப்பட்ட குழாய் தானாக எழுந்து போக வழியே இல்லை.

முறையின் பலவீனத்தையும் ஓர் எளிய கணக்கால் காட்டலாம். 10 நானோமீட்டர் தடித்த குழாயை யங் குணகம் 1 டெரா பாஸ்கல் கொண்ட திண்மக் கம்பியாக எடுத்துக்கொண்டு, அதே தடிமனுள்ள இன்னொன்றின் மேல் ஏறுவதாக வைத்தால், மேற்கண்ட ஒட்டுவிசையில் ஒவ்வொரு பக்கமும் சுமார் 160 நானோமீட்டர் தூரம் தரையைத் தொடாமல் நிற்கும். இந்தத் தூரம் சமன்பாட்டில் நான்காம் படியில் வருகிறது. நுண்ணோக்கியின் ஊசிமுனை தடிமனாக இருந்ததால் தூரத்தை 10 விழுக்காடு தவறாகப் படித்தால், ஒட்டுதலின் மதிப்பு சுமார் 50 விழுக்காடு வரை தவறும். குழாயின் விட்டமும் வளைவிறைப்பில் நான்காம் படியில்தான் நுழைகிறது. நான்காம் படி உள்ள சமன்பாடு அளப்பவரை மன்னிப்பதே இல்லை. 0.8 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 0.3 என்ற பெரிய பிழை நிற்பது கவனக்குறைவால் அல்ல, நேர்மையால்.

அதே 1998-ல் பெர்க்லி குழுவினர் தரையையே விலக்கிவிட்டார்கள். அகலமான குழாய்கள் சில காற்றுப் போன சைக்கிள் டியூப்போல முழுவதும் சப்பையாகி, எதிரெதிர்ச் சுவர்கள் ஒட்டி நாடாவாகிவிடும். விளிம்புகளில் மட்டும் இரண்டு குமிழ்கள் மிஞ்சும். குமிழின் அளவை நிர்ணயிப்பது வளைவு ஆற்றலுக்கும் ஒட்டுதலுக்கும் நடக்கும் இழுபறிதான். படங்களில் குமிழை அளந்து, கிராஃபைட் அடுக்குகளுக்கு இடையிலான பிணைப்பு ஓர் அணுவுக்கு 35 மில்லி எலக்ட்ரான் வோல்ட் என்று பெற்றார்கள். சதுர மீட்டர் கணக்கில் அது சுமார் 0.21 ஜூல். ஹெர்டலும் உடனாய்வாளர்களும் 2004-ல், கிராஃபைட்டிலிருந்து வளைய ஹைட்ரோகார்பன் மூலக்கூறுகள் சூட்டில் ஆவியாகிப் பிரிவதை அளந்து 52 என்றார்கள். கார்பன் கார்பனோடு ஒட்டுவதைப் பற்றியே, கைதேர்ந்தவர்களின் இரு எண்களுக்கு இடையே ஒன்றரை மடங்கு வேறுபாடு. ஒப்பீட்டுக்கு ஒன்று: கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2011-ல், சிலிக்கா மேல் ஒட்டிய ஒற்றைத் தாள் கிராஃபீனைக் காற்றழுத்தத்தால் கொப்புளமாக ஊதிப் பிரித்துச் சதுர மீட்டருக்கு 0.45 ஜூல் என்று அளந்தார்கள்.

தள்ளிப் பார்த்தவை

வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஃபால்வோ, சூப்பர்ஃபைன் குழு 1999-ல் அணுவிசை நுண்ணோக்கியின் முனையால் பன்சுவர்க் குழாய்களைப் பக்கவாட்டில் உந்தியது. மைக்கா மேல் குழாய் வழுக்கிச் சென்றது. கிராஃபைட் மேல் சில குறிப்பிட்ட திசைகளில் சட்டென்று பூட்டிக்கொண்டது. அந்த நிலையில் தள்ளினால் வழுக்காமல் உருண்டது. குழாயின் அறுகோண வலையும் தரையின் அறுகோண வலையும் பல்சக்கரங்களைப் போலப் பொருந்துவதே காரணம். பூட்டும் திசைகள் 60 பாகைக்கு ஒருமுறை வருவது இதை உறுதிப்படுத்துகிறது. இந்தச் சோதனையில் அளக்கப்பட்டது உராய்வு. உராய்வும் ஒட்டுதலும் ஒரே ஈர்ப்பிலிருந்து பிறந்தாலும் ஒன்றல்ல. பன்சுவர்க் குழாயின் உள்சுவர்கள் வெளிச்சுவரோடு நன்றாகவே ஒட்டியிருக்கின்றன; ஆனால் 2000-ல் கமிங்ஸும் செட்டலும் உள்குழாயைத் தொலைநோக்கி போல இழுத்துப் பின் விட்டபோது, அது ஏறக்குறைய உராய்வே இல்லாமல் வழுக்கி உள்ளே திரும்பியது. வலுவாக ஒட்டும் ஒன்று எளிதாக வழுக்கவும் செய்யலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனை குறைவு.

2006-ல் வெளியான இன்னொரு அளவீட்டில், சிலிக்கா தளத்தில் வெட்டிய பள்ளத்துக்குக் குறுக்கே வளர்த்த ஒற்றைச்சுவர்க் குழாயை நுண்ணோக்கி முனையால் இழுத்தார்கள். குழாய் அறுவதற்கு முன் கரைகளில் படிந்திருந்த பகுதி வழுக்கிப் பள்ளத்துக்குள் வந்தது. வழுக்கும் தருணத்தின் இழுவிசையிலிருந்து கரையின் பிடிப்பு தெரிந்தது. நானோ குழாயைக் கம்பியாகக் கொண்ட மின் சாதனங்களுக்கு இந்தப் பிடிப்புதான் முக்கியம்.

உரித்துப் பார்த்தவை

கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டை எடுக்கும் எவரும் அதை நடுவில் பிடித்து நேராக இழுப்பதில்லை. ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பின்னே உரிப்பார்கள். முழுப் பரப்பையும் ஒரே நேரத்தில் பிரிக்கப் பெரும் விசை வேண்டும். உரித்தால் அந்தந்த நேரத்தில் பிரியும் கோட்டுக்கு மட்டும் விசை கொடுத்தால் போதும். கெண்டல் 1975-ல் மெல்லிய படலங்களுக்கு இதைச் சமன்பாடாக எழுதினார். நன்றாக வளையும் நாடாவைச் செங்குத்தாக உரித்தால், உரிக்கும் விசை ஓரலகு நீளத்துக்கான ஒட்டு ஆற்றலுக்கு நேர்ச்சமம். முழுக்க மடக்கிப் பின்னோக்கி இழுத்தால் அதில் பாதி போதும். தரையோடு தரையாக இழுத்தால் விசை மிகப் பெரிதாகும். ஒட்டுதலை நேரடியாக அளக்க விரும்பியவர்களுக்கு உரித்தல் கவர்ச்சியாகத் தெரிந்ததற்கு இதுதான் காரணம்: கருவியில் தெரியும் விசையே விடை.

கருவி, 1986-ல் பின்னிங், குவேட், கெர்பர் மூவரும் உருவாக்கிய அணுவிசை நுண்ணோக்கி. கான்டிலீவர் எனப்படும் ஒருமுனை பிணைந்த நுண்சட்டம் ஒன்று, அதன் முதுகில் விழுந்து திரும்பும் லேசர் கதிர், கதிரின் நகர்வைக் காணும் ஒளி உணரி: சாரம் இவ்வளவே. சட்டத்தின் சுருள்வில் மாறிலி மீட்டருக்கு 0.1 நியூட்டன் என்றால், 10 நானோமீட்டர் வளைவு 1 நானோ நியூட்டன் விசையைக் காட்டும். ஆனால் ஆலை அட்டையில் அச்சிட்டுத் தரும் மாறிலியை நம்ப முடியாது; சட்டத்தின் தடிமனில் சிறு மாற்றம் இருந்தாலும் அதன் மும்மடிக்கு ஏற்ப விறைப்பு மாறிவிடும். எனவே ஒவ்வொரு சட்டத்தையும் தனித்தனியே தரப்படுத்துவார்கள். ஹட்டரும் பெக்ஹோஃபரும் 1993-ல் சொன்ன வழி அழகானது: சட்டத்தைச் சும்மா விட்டுவிட்டு, அறை வெப்பத்தால் அது நடுங்குவதைக் கேட்பது. மேலே சொன்ன சட்டம் சராசரியாக 0.2 நானோமீட்டர் அளவுக்கு நடுங்கும். நடுக்கம் கூடினால் சட்டம் மென்மையானது, குறைந்தால் விறைப்பானது. இத்தனைக்குப் பிறகும் மாறிலியில் பத்து முதல் இருபது விழுக்காடு ஐயம் மிஞ்சுவது வழக்கம். அந்த ஐயம் ஒட்டுவிசையின் மதிப்பிலும் அப்படியே ஏறும்.

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் மார்க் ஸ்ட்ரஸ், அர்விந்த் ராமன், பைரன் பைப்ஸ் முதலியோர், நாசா ஏம்ஸ் மையத்தோடு தொடர்புள்ள கேட்டியன் நுயென் உடன் சேர்ந்து, 2008-ல் வெளியிட்ட முறைக்கு உரிப்பு விசை நிறமாலையியல் என்று பெயர் வைத்தார்கள். சட்டத்தின் முனையில் ஒரு நீண்ட பன்சுவர்க் குழாய் பொருத்தப்பட்டிருக்கும். அதைக் கிராஃபைட் பரப்பை நோக்கி இறக்குவார்கள். குழாயின் நுனி முதலில் புள்ளியாகத் தொடும். மேலும் அழுத்த, அது வளைந்து, ஒரு கட்டத்தில் படக்கென்று பக்கவாட்டில் படுத்துக் கோடாக ஒட்டும். பிறகு மெல்ல மேலே தூக்குவார்கள். படுத்த பகுதி ஒரு முனையிலிருந்து உரிந்துகொண்டே வரும். மிஞ்சிய நீளம் குறைந்ததும், மீதி முழுவதும் ஒரே துள்ளலில் எழுந்து நுனி மட்டும் தொட்ட நிலைக்குப் போகும். கடைசியாக நுனியும் விடுபடும். வரைபடத்தில் இவை வழுவழுப்பான சரிவுகளாகவும் செங்குத்தான தாவல்களாகவும் விழும். எந்தத் தாவல் எந்த வடிவ மாற்றம் என்று அடையாளம் காண, பெரிதாக வளையும் மெல்லிய கம்பிகளுக்கான மீள்தன்மைக் கோட்பாட்டை வைத்துக் கணினியில் அதே உரிப்பை நடத்தி, இரண்டு வரைபடங்களையும் பொருத்திப் பார்க்க வேண்டும். நானோ குழாய் செலோடேப்பைப் போல மென்மையானதல்ல, விறைப்பானது. உரிக்கும்போது அது செங்குத்தாக மடங்காமல் நீண்ட வளைவாக எழும். அதனால், விசையே விடை என்ற கெண்டலின் எளிமை இங்கே முழுதாகக் கைகொடுப்பதில்லை. வளைவிறைப்பு மீண்டும் கணக்குக்குள் நுழைந்துவிடுகிறது.

இருந்தும் இந்த முறைக்கு ஒரு பெரிய மேன்மை உண்டு. ஒரே குழாயை, அதே சட்டத்தில் வைத்தபடி, வேறு வேறு பரப்புகளின் மேல் உரித்துப் பார்க்கலாம். 2009-ல் அதே குழு கிராஃபைட்டோடு பாலிஇமைடு, எபாக்சி ஆகிய பாலிமர்களையும் சேர்த்தது இப்படித்தான். குழாயின் விட்டத்தில் தவறு இருந்தால் அது எல்லாப் பரப்புகளுக்கும் ஒரேபோலத் தவறும். எது கூட ஒட்டுகிறது, எது குறைய ஒட்டுகிறது என்ற வரிசை நிலைக்கும். வெவ்வேறு ஆய்வகங்களின் தனித்தனி எண்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பரப்புகளை ஒப்பிடுவதைவிட, ஒரே குழாயால் செய்த ஒப்பீட்டையே பெரிதும் நம்பலாம்.

ஜப்பானில் மியுரா, சசாகி முதலியோரும் ஏறத்தாழ அதே காலத்தில் கிராஃபைட்டிலிருந்து குழாயை உரித்தார்கள். அவர்கள் வருடு எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் வைத்து, குழாய் படுத்த நிலையிலிருந்து புள்ளித் தொடர்புக்கு மாறுவதைக் கண்ணால் பார்த்தார்கள். பின்னர் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் எஸ்பினோசா குழுவும் 2014-ல் பன்சுவர்க் குழாய்க்கும் கிராஃபீனுக்கும் இடையே எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள்ளேயே உரிப்புச் சோதனை நடத்தியது. வடிவத்தை ஊகிக்காமல் படத்திலிருந்தே எடுக்க முடிவது இந்த வழியின் பலம்.

பாலிமருக்குள்ளிருந்து பிடுங்குதல்

பொறியாளர்களுக்கு வேறு கவலை. நானோ குழாயைப் பிளாஸ்டிக்கில் கலந்து வலுவூட்ட வேண்டுமென்றால், சுமை பிளாஸ்டிக்கிலிருந்து குழாய்க்கு மாற வேண்டும். ஒட்டுதல் போதாவிட்டால், மெழுகில் செருகிய ஊசி போலக் குழாய் உருவிக்கொண்டு வந்துவிடும். அதன் பலம் எதற்கும் பயன்படாது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் டேனியல் வாக்னர் குழு இதை இரண்டு வழியாக அளந்தது. 2002-ல், மெல்லிய எபாக்சிப் படலத்தின் துளைகளுக்குக் குறுக்கே பாலமாக நின்ற குழாய்களை நுண்ணோக்கி முனையால் இழுத்துப் பிடுங்கினார்கள். பன்சுவர்க் குழாய்களுக்குச் சறுக்குப்பெயர்ச்சி வலிமை 35 முதல் 376 மெகா பாஸ்கல் வரை பரந்து கிடந்தது. 2003-ல், முனையில் பொருத்திய ஒரு குழாயை உருகிய பாலிஎத்திலீன் வகைப் பாலிமருக்குள் அமுக்கி, ஆறவிட்டு, இழுத்தார்கள். சராசரி 47 மெகா பாஸ்கல்.

இந்த எண்களை உரிப்புச் சோதனையின் எண்களோடு நேராக ஒப்பிடக் கூடாது. உரிப்பில் ஒட்டுதல் கோட்டில் மட்டும். புதைந்த குழாயைப் பாலிமர் சுற்றிலும் அணைத்திருக்கும். ஆறும்போது பாலிமர் சுருங்கி இறுக்கும். குழாய்ச் சுவரில் ஏதாவது குறை இருந்தால் வேதிப் பிணைப்பும் சேரும். பத்து மடங்கு பரவிய அந்த வீச்சில் எத்தனை பங்கு வான் டெர் வால்ஸ், எத்தனை பங்கு இறுக்கம் என்று பிரித்துச் சொல்ல அந்தச் சோதனைக்கு வழியில்லை.

அளவைக் கெடுப்பவை

முதல் குற்றவாளி ஈரம். சாதாரண அறைக்காற்றில் எல்லாப் பரப்பின் மேலும் மெல்லிய நீர்ப்படலம் உண்டு. நுண்ணோக்கி முனை நெருங்கினால் நீர் எழும்பி இரண்டுக்கும் நடுவே பிறைத்தளமாகப் பாலம் கட்டும். 10 நானோமீட்டர் ஆரமுள்ள முனையை அந்தப் பாலம் ஏறக்குறைய 9 நானோ நியூட்டன் விசையோடு இழுக்கும். உரிப்பு விசையோ ஒன்று, ஒன்றரை நானோ நியூட்டன். அளக்க வந்ததைவிட இடையூறு பெரிது! உலர்ந்த நைட்ரஜனிலோ வெற்றிடத்திலோ அளப்பது இதனால்தான். நானோ குழாய் நீரை ஒதுக்கும் என்ற பொதுவான எண்ணமும் முழு உண்மையல்ல. பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.1 முதல் 0.2 நியூட்டன் வரையுள்ள எல்லைக்குக் கீழே இருக்கும் திரவங்கள் குழாயை நனைக்கும் என்று துஜார்தான், எப்சன் முதலியோர் 1994-ல் காட்டினார்கள். நீரின் மதிப்பு 0.073, பாதரசத்தின் மதிப்பு 0.48. நனைப்பது நீர், ஒதுங்குவது பாதரசம்.

வெற்றிடத்துக்குப் போனால் வேறு தொல்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் எங்கோ ஒட்டியிருக்கும் எண்ணெய் ஆவியைக் கதிர் சிதைத்து, தான் விழும் இடத்திலெல்லாம் கார்பன் பிசினாகப் படியவைக்கும். ரூஃப் குழு 2000-ல் தனிக் குழாயை அறுத்து அதன் இழுவலிமையை அளந்தபோது, குழாயை இரு முனைகளிலும் பற்றவைக்க இந்தப் பிசினையே பயன்படுத்தியது. பற்றவைக்க வரமான அது, ஒட்டுதலை அளக்க வந்தவருக்குச் சாபம். நெடுநேரம் உற்றுப் பார்த்த தொடர்பு, இயல்பாக ஒட்டியதா கதிரால் பற்றவைக்கப்பட்டதா என்ற கேள்வி எழும்.

பரப்பின் சொரசொரப்பும் சேர்ந்துகொள்கிறது. பிளந்த மைக்காவும் கிராஃபைட்டும் அணு அளவில் சமதளம். சிலிக்காவும் பாலிமரும் அப்படியல்ல. விறைப்பான பன்சுவர்க் குழாய் மேடுகளின் உச்சியில் மட்டும் தொட்டுக்கொண்டு பள்ளங்களைத் தாண்டிப் போகும், மெல்லிய ஒற்றைச்சுவர்க் குழாய் மேடு பள்ளத்தோடு இணங்கிப் படியும். ஒரே சிலிக்கா இரண்டுக்கும் இரண்டு விதமாக ஒட்டும். மின்கடத்தாப் பரப்புகளில் உரசலால் தேங்கும் மின்னூட்டம் தன் பங்குக்கு ஈர்க்கும். மொத்தத்தில், குழாய்க்கென்றோ பரப்புக்கென்றோ தனியாக ஓர் ஒட்டுவிசை கிடையாது. இந்தக் குழாய், இந்தப் பரப்பு, இந்தச் சூழல் என்ற மூன்றையும் சொன்னால்தான் எண்ணுக்குப் பொருள் வரும். விட்டத்தையும் ஈரப்பதத்தையும் குறிக்காமல் வரும் மதிப்பை ஒதுக்கிவைப்பதே முறை.

கூட்டமாக ஒட்டும்போது

சுவர்ப் பல்லி ஒட்டுவதும் பெரும்பாலும் இதே ஈர்ப்பால்தான். கெல்லர் ஆட்டம் குழு 2000-ல் டோக்கே பல்லியின் ஒற்றைக் கால்மயிர் பரப்புக்கு இணையான இழுப்பில் சுமார் 200 மைக்ரோ நியூட்டன் தாங்குவதை அளந்தது. ஒரு பாதத்தில் அத்தகைய மயிர்கள் ஏறக்குறைய ஐந்து லட்சம். அதைப் பார்த்து நானோ குழாய்களை நெற்பயிர் போல நெருக்கமாக நட்டு ஒட்டுநாடா செய்யும் முயற்சிகள் வந்தன. கேரளத்துக் கொடுங்கல்லூரில் பிறந்த புலிக்கல் அஜயனும் ஆக்ரன் பல்கலைக்கழகத்தின் அலி தினோஜ்வாலாவும் 2005-ல் காட்டிய பன்சுவர்க் குழாய்ப் பரப்பு, அணுவிசை நுண்ணோக்கி அளவில் பல்லி மயிரைவிட 200 மடங்கு வலுவாக ஒட்டியது. அந்த எண்ணை அப்படியே பெருக்கி உள்ளங்கை அகலத்துக்கு நாடா செய்ய முடியவில்லை. பெரிய பரப்பில் எல்லாக் குழாய்களும் ஒரே நேரத்தில் தொடுவதில்லை. தொட்டவற்றிலும் ஓரத்தில் உள்ளவை முதலில் விட்டுவிட, விரிசல் உள்ளே பரவும். குழாய்களைச் சிறு சிறு கட்டங்களாக வகுத்து நட்ட பிறகுதான் அதே குழுவினர் 2007-ல் சதுர சென்டிமீட்டருக்கு 36 நியூட்டன் பெற்றார்கள்; அது பல்லியைவிட நான்கு மடங்கு. 2008-ல் லியாங்டி சூ, லிமிங் டாய் முதலியோர், தலைப்பகுதியில் சுருண்டு பின்னிய குழாய்க் காட்டைக் கொண்டு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 100 நியூட்டனை எட்டினார்கள். விரல் நக அளவில் பத்துக் கிலோ. சுவரோடு இழுக்கும்போது சுருண்ட தலைகள் நீண்டு பக்கவாட்டில் படுத்துக் கோடாக ஒட்டின. செங்குத்தாகக் கிளப்பும்போது நுனிகள் ஒவ்வொன்றாக உரிந்தன. ஹெர்டலின் கோட்டுத் தொடர்பும் ஸ்ட்ரஸின் உரிப்புத் தாவலும் லட்சக்கணக்கில் ஒரே நேரத்தில் நடப்பதே இது.

எதிர்த் திசையில், ஒட்டிய குழாய் எழவும் வேண்டும் என்ற தேவை நினைவகச் சில்லுகளில் வருகிறது. ஹார்வர்டில் ருக்ஸ், லீபர் முதலியோர் 2000-ல் முன்வைத்த வடிவில் ஒரு குழாய் கீழே கிடக்கும். இன்னொன்று அதன் மேலே சில நானோமீட்டர் இடைவெளிவிட்டுக் குறுக்கே தொங்கும். எதிரெதிர் மின்னூட்டம் கொடுத்தால் மேல் குழாய் வளைந்து கீழ்க் குழாயைத் தொட்டு ஒட்டிக்கொள்ளும். மின்சாரத்தை நிறுத்தினாலும் ஒட்டுதலே அதைப் பிடித்து வைத்திருக்கும். அதுவே 1. ஒரே வகை மின்னூட்டம் கொடுத்தால் விலகி நேராகும், அதுவே 0. இடைவெளி அதிகமானால் வளைந்த குழாயின் நிமிரும் விசை ஒட்டுதலை வென்று, எழுதிய 1 தானாக அழியும். இடைவெளி குறைந்தால் எந்த மின்னழுத்தத்துக்கும் குழாய் பிரியாது. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய வீச்சு எங்கே இருக்கிறது என்பதை முடிவு செய்ய வடிவமைப்பாளர் கையில் வைத்துக்கொள்ளும் எண், ஓரலகு நீளத்துக்கான அந்த ஒட்டு ஆற்றல்தான்.